நாசாபங்கம்: ஒரு நோய்க்குறியும் அதன் சொற்களும்

1. குறியும் காரணமும்

முகத்தின் உறுப்புகளுள் மூக்கு ஒன்றே முன்னோக்கித் தூக்கி நிறுத்தப்பட்டது. அதன் மேற்பகுதியை இரு சிறிய எலும்புகளும் கீழ்ப்பகுதியை நடுச்சுவராக நிற்கும் குருத்தெலும்பும் தாங்குகின்றன. பந்தலின் நடுக்கால் உளுத்துப்போனால் மேலிருக்கும் கீற்று கிழியாமலே பந்தல் நடுவில் அமர்ந்துவிடும். மூக்கிலும் இதுவே நிகழும். வெளித்தோலில் வெட்டோ காயமோ இன்றிச் சில மாதங்களில் அல்லது சில ஆண்டுகளில் தண்டு தாழும். நுனி மேல்நோக்கித் திரும்பும். குதிரைச் சேணத்தின் வளைவை ஒத்திருத்தலின் இன்றைய மருத்துவம் இதனைச் சேணமூக்கு என்னும் பொருள்படும் பெயரால் சுட்டும்.

இத்தகைய மாற்றத்தை விளைவிக்கும் நோய்கள் பல. இந்திய வரலாற்றில் அவற்றுள் இரண்டு முதன்மையானவை: தொழுநோயும் பறங்கிப்புண் எனப்பட்ட மேகநோயும். நுண்ணுயிரியல் தோன்றும்வரை இவ்விரண்டையும் முகத்தைக் கொண்டு பிரித்தறிய எவராலும் இயலவில்லை. இவற்றோடு மூன்றாவதாக ஒரு காரணம் எப்பொழுதும் கண்முன் இருந்தது. மூக்கறுத்தல் என்னும் தண்டனையே அது. அரசனின் ஆணையால் மூக்கிழந்தவனும் நோயால் மூக்கிழந்தவனும் ஒரே ஊரில், ஒரே தெருவில் நடமாடிய காலங்கள் உண்டு. அமர்ந்த மூக்கைக் கண்டோர் அதற்கு எந்தச் சொல்லைப் பயன்படுத்தினர், அச்சொல் எந்தக் காரணத்தைத் தன்னுள் கொண்டு வந்தது, அதனால் அம்மனிதருக்கு நேர்ந்தது என்ன என்பன இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன. நோய்ப்பெயர்களைப் பற்றிய ஆய்வு பெரும்பாலும் சொற்பிறப்போடு நின்றுவிடுகிறது. சொல் ஒருவர்மீது செலுத்திய அதிகாரமும் அதன் வரலாற்றில் அடங்கும்.

2. ஒரு சொல், இரு நோய்கள்

சுசுருத சங்கிதையின் நிதானப் பகுதியில் 5-ஆம் அத்தியாயம் குஷ்டம் பற்றியது. குஷ்டம் என்பது அந்நூலில் ஒரு நோயன்று. பதினெட்டு வகைத் தோல்நோய்களுக்கு உரிய பொதுப்பெயர். இன்று படர்தாமரை என்றும் சொறி என்றும் வழங்கும் எளிய நோய்களும் அதனுள் அடங்கும். ஆயினும் நோய் எலும்பையும் மச்சையையும் பற்றிய நிலைக்குக் கூறப்படும் குறிகள் பொதுப்படையானவை அல்ல. மூக்கு உடைதல், கண் சிவத்தல், புண்களில் புழு வைத்தல், குரல் கெடுதல் ஆகியவை ஓரிடத்தில் சேர்த்துச் சொல்லப்படுகின்றன. மூக்கு, கண், குரல்வளை ஆகிய மூன்றும் ஒருங்கே தாக்கப்படுதல் தொழுநோயின் முற்றிய வகைக்குரிய இயல்பு. அந்நோயின் கோலுயிரி உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடி வளர்வது. மூச்சுக்காற்று ஓயாது படும் மூக்கின் உட்படலம் அதற்கு ஏற்ற இடம். இக்காரணம் சுசுருத மரபினர்க்குத் தெரிந்திருக்க வழியில்லை. எனினும் குறிகளின் சேர்க்கையை அவர்கள் பிழையின்றிக் கண்டிருக்கின்றனர். அங்கு மூக்கின் மாற்றத்திற்கு ஆளப்படும் சொல் நாசாபங்கம்.

பல நூற்றாண்டுகள் கழித்து, 16-ஆம் நூற்றாண்டில், பாவமிசிரர் இயற்றிய பாவப்பிரகாசம் என்னும் மருத்துவ நூலில் இதே சொல் மீண்டும் வருகிறது. ஆனால் இம்முறை அது குஷ்டத்தைப் பற்றியதன்று. பழைய நூல்கள் எவற்றிலும் இல்லாத புதிய நோய் ஒன்றைப் பாவமிசிரர் விளக்குகிறார். பிரங்கதேசத்தில் மிகுதியாக இருத்தலின் அதற்குப் பிரங்கரோகம் எனப் பெயர் என்றும், அந்நாட்டாரோடு கொள்ளும் உடல்தொடர்பால் வருவது என்றும், உடலின் உள்ளே தோன்றாது புறத்திலிருந்து வந்து சேரும் வகையைச் சார்ந்தது என்றும் கூறுகிறார். அதன் தொடர்விளைவுகளாக மெலிவு, வலுவிழப்பு, நாசாபங்கம், பசித்தீக் குறைவு, எலும்பு வற்றுதல், எலும்பு வளைதல் ஆகியவை அடுக்கப்படுகின்றன.

குறிக்கு ஒரே சொல்; நோய்கள் இரண்டு. பாவமிசிரர் பழைய சொல்லை எடுத்தாண்டபோதும் பழைய நோயோடு புதியதைச் சேர்த்து எண்ணவில்லை என்பது பாராட்டத்தக்கது. மூக்குடைதலோடு எலும்பு வளைதலையும் சேர்த்தமை, அவரோ அவருக்கு முன்னிருந்தோரோ நோயாளிகளை நேரில் கண்டிருத்தல் வேண்டும் என்பதைக் காட்டுகிறது. நூலறிவை மட்டும் கொண்டு எழுதியவராயின் புதிய நோயைக் குஷ்டத்தின் பத்தொன்பதாம் வகையாக ஆக்கியிருப்பார். அவ்வாறு செய்வதே மரபுக்கு எளிதாகவும் இருந்திருக்கும்.

குஷ்டம் என்னும் சொல்லுக்கே ஒரு விந்தை உண்டு. அதர்வ வேதத்தில் அது நோயின் பெயரன்று. காய்ச்சலை ஓட்டும் ஒரு மூலிகையின் பெயர். தமிழில் கோட்டம் என வழங்கும் மணப்பொருளும் அதுவே. மருந்தின் பெயரும் நோயின் பெயரும் ஒரே ஒலியில் நிற்கும் இந்நிலை அடுத்து வரும் சொல்லிலும் வேறொரு வகையில் காணப்படுகிறது.

3. பறங்கி

பிராங்கு என்னும் ஐரோப்பிய இனப்பெயர் அரபு, பாரசீக மொழிகளின் வழியாகப் பிரங்கி என்னும் வடிவில் இந்திய மொழிகளை அடைந்தது. பகர ஒலிப்புடைய உதட்டுப்பல் உரசொலி தமிழில் இல்லாமையின் அது வல்லெழுத்தாகிய பகரமாயிற்று. இரு வடிவங்கள் தமிழில் நிலைத்தன. ஒன்று பறங்கி, அது மக்களையும் அவர்கள் கொணர்ந்தனவாகக் கருதப்பட்டவற்றையும் சுட்டும். மற்றொன்று பீரங்கி, அது அவர்களின் படைக்கருவியைச் சுட்டும். இரண்டும் ஒருமூலச் சொற்கள் எனக் கொள்வர். பறங்கிமலை, பறங்கிப்பேட்டை, பறங்கிக்காய் என விரிந்த இச்சொற்குடும்பத்தின் இருண்ட உறுப்பே பறங்கிப்புண்.

இப்பெயரீடு தமிழர்க்கோ இந்தியர்க்கோ தனித்த வழக்கமன்று. 1494-95இல் பிரெஞ்சு மன்னன் எட்டாம் சார்லசின் படை நேப்பிள்சு நகரின்மீது சென்ற காலத்தில் இந்நோய் ஐரோப்பாவில் கொள்ளைநோய்போல் வெளிப்பட்டது. இத்தாலியர் அதனைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்சு நோய் என்றனர். ருசியர் போலந்து நாட்டின் தலையில் சுமத்தினர். துருக்கியில் இன்றும் அந்நோயின் பெயர் பிரெங்கி என்பதே. வெரோனா நகர மருத்துவர் பிரக்காசுடோரோ 1530-இல் வெளியிட்ட இலத்தீன் கவிதையில் சிபிலசு என்னும் இடையனைப் படைத்து, கதிரவனைப் பழித்தமையால் அவனுக்கு நோய் வந்ததாகப் பாடினார். நாடுகள் ஒன்றன்மீது ஒன்று பழி சுமத்திய நிலையில், பிறவாத ஓர் இடையன் பழியை ஏற்றுக்கொண்டான். மருத்துவ உலகு அவன் பெயரையே இறுதியில் கைக்கொண்டது.

வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோட்டை அடைந்தார். அடுத்த நூற்றாண்டிற்குள் பிரங்கரோகம் சமற்கிருத நூலில் இடம்பெற்றுவிட்டது. நோய் பரவிய விரைவிற்குச் சொல்லே சான்று.

நோய்க்கு மருந்தாகக் கொள்ளப்பட்ட கிழங்கு ஒன்றும் அதே காலத்தில் வந்தது. கோவாவில் 1563-இல் அச்சான கார்சியா ட ஓர்ட்டாவின் உரையாடல் நூலில் அதற்குத் தனி உரையாடல் உண்டு. சீனத்திலிருந்து வந்த கிழங்காதலின் வடநாட்டார் அதனைச் சோப்சீனி என்றனர். பாவமிசிரரும் அதனைப் பிரங்கரோகத்திற்குப் பரிந்துரைக்கிறார். அவர் அதற்கிட்ட பெயர் பிற தீவிலிருந்து வந்த வசம்பு என்னும் பொருளுடையது. தமிழ் மருத்துவர் அதே பொருளைப் பறங்கிப்பட்டை என்றனர். நோய் எவர் பெயரால் வழங்கியதோ அவர் பெயராலேயே மருந்தும் வழங்கலாயிற்று. கிழங்கின் பிறப்பிடமான சீனம் தமிழ்ப் பெயரிலிருந்து மறைந்துவிட்டது.

பறங்கிப்புண் என்னும் பெயரில் பழிப்பு உண்டெனினும் அதில் ஓர் உண்மையும் பொதிந்திருந்தது. நோய் வெளியிலிருந்து வந்தது, ஒருவரிடமிருந்து ஒருவர்க்குப் பரவுவது என்னும் அறிவு அது. மூக்கைப் பற்றிய பிற சொற்களில் அந்த அளவு அறிவும் இல்லை.

4. அறுதலும் அறுத்தலும்

மூக்கிழந்தவரைச் சுட்டத் தமிழில் மூக்கறை என்னும் சொல் உண்டு. மூக்கறையன், மூக்கறைச்சி என்பன அதன் வழிவந்தவை. அறு என்னும் வினையடி தமிழில் தன்வினையாகவும் பிறவினையாகவும் நிற்கும். கயிறு அற்றது என்பதில் செய்தவர் இல்லை. கயிற்றை அறுத்தான் என்பதில் உண்டு. ஆகவே மூக்கறை என்பது இலக்கண நோக்கில் இரு பொருளுக்கும் இடந்தருவது. தானே அற்ற மூக்கும் பிறரால் அறுக்கப்பட்ட மூக்கும் அதனுள் அடங்கலாம். வழக்கிலோ இரண்டாம் பொருளே மேலோங்கிற்று. மூக்கறுப்பு, மூக்கறுபடுதல் ஆகியவை இன்று பேச்சுவழக்கில் அவமதிப்பை மட்டுமே குறிக்கின்றன. இந்தியிலும் கட்னா, காட்னா எனத் தன்வினையும் பிறவினையும் உயிர் நீட்சியால் வேறுபட்டு நிற்கின்றன. மானமிழத்தலைச் சுட்டும் அம்மொழித்தொடர் தன்வினை வடிவையே கொண்டது; ஆயினும் கேட்போர் மனத்தில் கத்தி ஒன்று தோன்றாமல் இருப்பதில்லை.

நாசாபங்கத்தின் பின்னுறுப்பும் இதே வழியில் சென்றது. பங்கம் என்பது சமற்கிருதத்தில் உடைதல், முறிதல் என்னும் பொருளது. தமிழில் அது உடைவையும் குறிக்கும், இழிவையும் குறிக்கும். மானபங்கம், பங்கப்படுதல் என்பவற்றில் எஞ்சி நிற்பது இழிவுப்பொருளே. மருத்துவ நூலில் ஓர் உறுப்பின் நிலையைக் கூறிய சொல், மக்கள் வழக்கில் ஒருவரின் தகுதியைப் பற்றிய தீர்ப்பாயிற்று. நாசம் என்பதும் நாசி என்பதும் தமிழ் எழுத்தில் ஒரே சகரத்தால் எழுதப்படுவதால் இரண்டையும் இணைத்துப் பொருள்கூறுவோரும் உளர். அது பொருந்தாது, மூலமொழியில் அவற்றின் உரசொலிகள் வேறு வேறானவை.

பிறவினைப் பொருள் ஏன் மேலோங்கியது என்பதற்கு விடை சட்டத்திலும் போரிலும் உள்ளது. அர்த்தசாத்திரத்தின் 4-ஆம் அதிகரணம் பிறர்நெறி சென்ற மனைவிக்குக் காதையும் மூக்கையும் அரியும் தண்டனையைக் கூறுகிறது. சூர்ப்பணகையின் கதை இத்தண்டனையை ஒவ்வோர் இந்திய மொழிக்கும் கொண்டு சேர்த்தது. வான்மீகத்தில் காதும் மூக்கும் அறுபடுகின்றன. கம்பர் காப்பியத்தில் தண்டனை இன்னும் கடுமையானது. திருமலை நாயக்கர் ஆட்சியின் இறுதிக்காலத்தில் மைசூர்ப் படையினர் மதுரை நாட்டில் அகப்பட்டோரின் மூக்குகளை அறுத்தெடுத்துச் சென்றனர். அது மூக்கறுப்புப் போர் என்றே பெயர்பெற்றது. நேபாளத்தின் கீர்த்திபூர் நகரம் 1760-களில் கூர்க்கர் வசமானபோது அந்நகரத்தாருக்கும் இக்கொடுமை நேர்ந்தது.

இவற்றின் மறுபக்கமாக மூக்கை மீட்டமைக்கும் கலையும் இந்நாட்டில் வளர்ந்தது. மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு எருது ஓட்டிச் சென்ற கவாச்சி என்பவர் திப்புவின் படையிடம் சிறைப்பட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். பின்னர்ப் புனேக்கு அருகில் செங்கல் அறுக்கும் குலத்தைச் சார்ந்த ஒருவர், கவாச்சியின் நெற்றித்தோலை மடித்திறக்கி மூக்கு அமைத்துக் கொடுத்தார். இலண்டன் ஜென்டில்மென்ஸ் மேகசின் இதழ் 1794 அக்டோபரில் இதனைப் படத்துடன் வெளியிட்டது. அதனால் தூண்டப்பெற்ற ஜோசப் கார்ப்யூ 1814-இல் இலண்டனில் அம்முறையைக் கையாண்டு 1816-இல் நூலாக்கினார். இச்சிகிச்சையைச் சுசுருதர் முறை என்றே பலரும் எழுதிவருகின்றனர். சங்கிதையில் கூறப்படுவது கன்னத்துத் தோல். புனேயில் எடுக்கப்பட்டது நெற்றித் தோல். செங்கல் அறுப்பவரின் கைத்திறனை முழுவதும் ஒரு பழநூலின் கணக்கில் எழுதிவிடுவது, அவர் பெயரை எழுதாது விட்ட ஆங்கில இதழின் பிழையைவிடச் சிறியதன்று.

கார்ப்யூவின் முதல் நோயாளி ஒரு படை அதிகாரி. அவர் மூக்கிழந்தது போரில் அன்று. பாதரச மருந்தை மிகுதியாக உட்கொண்டதால். பறங்கிப்புண்ணுக்கு நான்கு நூற்றாண்டுகளாக ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் கொடுக்கப்பட்டுவந்த மருந்தும் பாதரசமே.

இச்சூழலில் நோயால் மூக்கு அமர்ந்த ஒருவரின் நிலை எத்தகையது? அவர் முகத்தில் இருந்தது தண்டனையின் வடிவம். தண்டித்த அரசன் மட்டும் இல்லை. இல்லாத அரசனின் இடத்தைக் கருமவினை பற்றிய நூல்கள் நிரப்பின. மனுநூலின் 11-ஆம் அத்தியாயம் முற்பிறப்புப் பாவங்களுக்கும் இப்பிறப்பு நோய்களுக்கும் ஒரு பட்டியல் தருகிறது. அதில் கோள் சொல்பவனுக்கு மூக்கு நாற்றமெடுக்கும் எனக் கூறப்படுகிறது. தொழுநோயில் மூக்கின் உட்படலம் புண்ணாகிப் பொருக்கு கட்டி நாற்றமெடுப்பது மூக்கு அமர்வதற்கு முன்னர் வரும் நிலையாகும். நோயின் முதற்குறி தோன்றிய நாளிலேயே குற்றமும் எழுதப்பட்டுவிட்டது.

இதன் கொடுமை குழந்தைகளிடத்தில் மிகவும் வெளிப்பட்டது. தாயிடமிருந்து கருவிலேயே பறங்கிப்புண்ணைப் பெற்ற குழந்தைகள் பிறந்த சில வாரங்களில் ஓயாத மூக்கடைப்புற்று, வளர வளர மூக்குத்தண்டு தாழ்ந்த முகத்தைப் பெறுவர். அவர்கள் எந்த நெறியையும் மீறியவர் அல்லர். இந்தப் பிறவிநோயின் குறிகளை 19-ஆம் நூற்றாண்டில் இலண்டனில் தெளிவாக வரையறுத்தவர் ஜோனத்தன் ஹட்சின்சன். அத்தகைய கூர்நோக்கினரே தொழுநோய் கெட்ட மீனை உண்பதால் வருவது என்று இறுதிவரை வாதிட்டார். 1906-இல் அதற்கென ஒரு நூலும் எழுதினார். ஒரு நோயில் தெளிந்த கண் மற்றொன்றில் மங்கிவிடுவது மருத்துவ வரலாற்றில் புதிதன்று.

5. பிரித்தறிதல்

தமிழில் தொழுநோய்க்குப் பழம்பெயர்கள் பல. அப்பர் தேவாரத்தில் தொழுநோயர் என்னும் சொல் உடலுறுப்புகள் குறைந்து அழுகுதலோடு சேர்த்து ஆளப்பட்டுள்ளது. பெருநோய் என்பது மற்றொரு பெயர். மராத்தியின் மகாரோக் அதனோடு பொருளால் ஒத்தது. இப்பெயர்கள் எல்லாம் தோற்றத்தையும் அச்சத்தையும் கூறுவன. காரணத்தைக் கூறும் பெயர் ஒன்றும் இல்லை. 

நார்வே நாட்டின் பெர்கன் நகரில் ஆர்மவர் ஹான்சன் 1873-இல் தொழுநோய்க் கோலுயிரியைக் கண்டறிந்தார். பெர்லினில் ஷவுதினும் ஹாப்மனும் 1905-இல் பறங்கிப்புண்ணின் சுருளுயிரியைக் கண்டனர். மறு ஆண்டே வாசர்மன் அதற்கான குருதிச் சோதனையை அமைத்தார். ஓராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக முகத்தை மட்டும் நோக்கி வந்த மருத்துவர்க்கு இப்போது வேறு சான்று கிடைத்தது. எனினும் இரு நோய்களும் எளிதில் பிரிந்துவிடவில்லை. தொழுநோயாளர் பலரின் குருதி வாசர்மன் சோதனையில் பறங்கிப்புண் உள்ளதாகப் பொய்யாகக் காட்டிற்று. முகம் செய்த குழப்பத்தையே குருதியும் செய்தது.

எலும்பு அத்தகைய குழப்பத்தைச் செய்வதில்லை. டென்மார்க்கின் நேஸ்ட்வெட் நகருக்கு அருகில் இடைக்காலத் தொழுநோய் இல்லம் ஒன்றின் இடுகாட்டை மோலர் கிறிஸ்டென்சன் என்னும் மருத்துவர் 1948 முதல் அகழ்ந்தார். மூக்கின் அடியில் முன்னோக்கி நிற்கும் எலும்புமுள் கரைந்திருத்தல், மேல்தாடையின் முன்வரம்பு தேய்ந்து முன்பற்கள் தளர்ந்திருத்தல் ஆகியவை தொழுநோய்க்கே சிறப்பாக உரியவை என அவர் நிறுவினார். பறங்கிப்புண்ணோ பெரும்பாலும் மூக்குச்சுவரின் எலும்புப் பகுதியையும் அண்ணத்தையும் துளைப்பது. இரண்டிலும் வெளியே அமர்ந்த மூக்கு ஒன்றுபோலவே தோன்றும். உள்ளே அழிந்த இடங்கள் வேறு. இவ்வறிவைக் கொண்டே ராஜஸ்தானில் உதயப்பூருக்கு அருகிலுள்ள பாலாதல் என்னும் ஊரில் கிடைத்த ஓர் ஆணின் எலும்புக்கூடு தொழுநோயாளருடையது என 2009-இல் அறிவிக்கப்பட்டது. அதன் காலம் ஏறத்தாழ கி.மு. 2000. மாட்டுச்சாணம் எரித்த சாம்பல் நிறைந்த கல்சுவருக்குள் அவர் அடக்கம் செய்யப்பட்டிருந்தார். குஷ்டம் என்னும் சொல் நோய்க்குப் பெயராவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட முகம் அது.

அறிவு இவ்வாறு முன்னேற, சட்டம் முகத்தோடு நின்றுவிட்டது. கோலுயிரி கண்டறியப்பட்டு 25 ஆண்டுகளுக்குப் பின்னர், 1898-இல், இந்திய அரசு இயற்றிய தொழுநோயர் சட்டம், புண் தோன்றத் தொடங்கிய நோயாளரையே தொழுநோயர் என வரையறுத்தது. இரந்து திரிபவராகவோ பிழைக்க வழியற்றவராகவோ உள்ள தொழுநோயர் எனத் தமக்குத் தோன்றும் எவரையும் பிடியாணையின்றிக் கைதுசெய்யக் காவலர்க்கு அது அதிகாரம் அளித்தது. ஆய்வாளரின் சான்று பின்னரே. ‘தோன்றும்’ என்னும் அவ்வினைச்சொல்லே அச்சட்டத்தின் அச்சாணி. காவலர் ஒருவர் தெருவில் நின்று எதைக் கண்டு தொழுநோயரென முடிவு செய்வார்? விரல்களை, அவற்றுக்கு முன்னே முகத்தை. செல்வர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த அதே முகத்திற்கு இச்சட்டம் பொருந்தாது என்பதும் வரையறையிலேயே அடங்கியிருந்தது. மாநிலங்கள் பலவும் தத்தம் எல்லைக்குள் இதனை நீக்கிய பின்னரும், நாடாளுமன்றம் 2016-இல்தான் இதனை முற்றிலும் நீக்கிற்று. தொழுநோய் மணவிலக்கிற்கு உரிய காரணங்களுள் ஒன்றாக இருந்த நிலை 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் ஒழிந்தது. பன்மருந்துச் சிகிச்சையை உலக நலவாழ்வு நிறுவனம் 1981-இலேயே பரிந்துரைத்திருந்தது. அதன்பின் நோய் குணமாகக்கூடியதாக 38 ஆண்டுகள் இருந்தும் சட்டநூலில் அது தீராநோயாகவே நீடித்தது.

6. உடைந்ததன்று

நாசாபங்கம் என்னும் பெயர் உடலியல் நோக்கிலும் சரியானதன்று என்பது 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தெரியவந்தது. முதல் உலகப்போரில் முகம் சிதைந்த வீரர்க்குச் சிகிச்சை செய்து பெயர்பெற்ற ஹரால்டு கில்லீசு, பறங்கிப்புண்ணால் அமர்ந்த மூக்குகளை ஆராய்ந்தபோது வெளித்தோல் குறையாமல் இருப்பதைக் கண்டார். அழிந்தது உட்படலம். புண் ஆறும்போது தழும்பு சுருங்கி, தாங்கும் சுவரும் இல்லாமையால், தோலை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆகவே நெற்றியிலிருந்தோ கையிலிருந்தோ தோல் கொணர்ந்து புதிய மூக்குச் செய்ய வேண்டுவதில்லை. மேலுதட்டின் உட்புறமாக வெட்டி, சுருங்கிய தழும்பை விடுவித்து, உள்ளே மெல்லிய தோலொட்டு வைத்து ஒரு தாங்கியைப் பொருத்தினால் பழைய மூக்கே மேலெழும்.

கில்லீசிடம் பயின்று பம்பாய்க்குத் திரும்பிய நோஷிர் ஆன்டியாவும், 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டும் இம்முறையைத் தொழுநோயாளர்க்குப் பயன்படுத்தினர். பிராண்டின் புகழ் பெரிதும் கைகளைச் சீரமைத்ததால் வந்தது. ஆனால் மூக்குச் சிகிச்சையின் பயன் வேறு வகையானது. கை சீரடைந்தவர் வேலை செய்யலாம். மூக்கு சீரடைந்தவரே வேலை கேட்டுச் செல்ல முடியும். செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் இராபர்ட் காக்ரேன் டாப்சோன் மருந்தைப் பயன்படுத்தத் தொடங்கியதும் இதே 1940-களில்தான். கோலுயிரி உடலைவிட்டு நீங்கிய பின்னரும் முகம் நோயையே கூறிக்கொண்டிருக்கும் என்பதை அம்மருத்துவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

உடைந்தது என்பதற்கும் உள்வாங்கியது என்பதற்கும் உள்ள வேறுபாடு வெறும் சொல்வேறுபாடன்று. உடைந்ததற்கு உடைத்தவர் யார் என்னும் வினா எழும். உள்வாங்கியதை வெளியே கொணர்தல் எங்ஙனம் என்பதே அடுத்த வினாவாகும். தமிழ் மருத்துவக் கலைச்சொல் தொகுப்போர் இக்குறிக்குப் பெயரிடுகையில் சேணமூக்கு என்னும் மொழிபெயர்ப்பைவிட அமர்மூக்கு என்பது பொருந்துமா என எண்ணிப்பார்க்கலாம். அது வினைத்தொகை, தன்வினை, செய்தவரைத் தேடாதது. மேலும் சேணம் பூட்டிய குதிரையை நேரில் கண்டோர் இன்று மிகச் சிலரே.

7. பெயருண்டு, காரணமில்லை

தொழுநோயும் பறங்கிப்புண்ணும் மருந்துக்கு அடங்கிய பின்னரும் காரணமின்றி மூக்கு அமர்வது நின்றுவிடவில்லை. செருமானிய மருத்துவர் கிளிங்கர் 1931-இலும் வெகனர் 1936, 1939 ஆகிய ஆண்டுகளிலும் விளக்கிய குருதிக்குழல் அழற்சிநோய் ஒன்று மூக்கின் நடுச்சுவரை அரித்து, நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்குவது. இந்நோயாளரின் குருதியில் தம் வெள்ளணுக்களையே எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் காணப்படுதல் 1985-இல் உறுதியாயிற்று. உடலின் காப்புமுறை தன் உடலையே ஏன் தாக்கத் தொடங்குகிறது என்பது இன்றும் முழுமையாக விளங்கவில்லை. குருத்தெலும்பு மட்டும் மீண்டும் மீண்டும் அழற்சியுற்றுக் காது மடலும் மூக்கும் தளர்ந்துவிடும் மற்றொரு நோயும் இத்தகையதே.

முதலிற் கூறிய நோய் நீண்டகாலம் வெகனர் பெயரால் வழங்கிற்று. அவர் நாட்சிக் கட்சியினராக இருந்தமை வெளிப்பட்டபின், 2011-இல் அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள் அப்பெயரைக் கைவிட்டுத் திசுவின் தோற்றத்தை விளக்கும் நீண்ட பெயரொன்றை ஏற்றன. பிரங்கரின் பெயரும் சிபிலசு என்னும் இடையனின் பெயரும் நோய்களில் ஏறி அமர்ந்ததற்குக் கேள்வி கேட்டோர் எவருமிலர். இங்கோ ஒரு பெயர் இறக்கப்பட்டது. அதன் இடத்தில் வந்த புதுப்பெயரும் உருப்பெருக்கியின் கீழ் காணும் சிறுமணித் திரள்களையும் அழற்சியுற்ற குழல்களையும் கூறுகிறதேயன்றி அவற்றை விளைவிப்பது எது எனக் கூறவில்லை.